மலையகத்தில் ‘ஆசை’: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதியிலுள்ள ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் பொகவந்தலாவைக்கும் பதுளைக்கும் மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், தோட்டங்களில் வேலை செய்ய வருகிற மருத்துவிச்சிமார், கள வேலைக்கு வருகிற இளைஞர்கள், சொந்தங்களைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும். லயம், பிரட்டு, கவ்வாத்து, பீலி, கொந்தரப்பு போன்ற சொற்கள் வந்த முதல் வாரத்திலேயே காதில் விழும். அவை புதியவை என்பதால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். ‘ஆசை’ அப்படியல்ல, அது உங்களுக்குத் தெரிந்த சொல். அதனால் அதன் பொருளை யாரிடமும் கேட்க மாட்டீர்கள். தோட்டத்து மக்கள் மனசு திறந்து பேசும்போது வருகிற சொல் இதுதான், வெளியிலிருந்து வருகிறவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

1. முதலில் காது பழக வேண்டும்

எழுதும்போது ‘ஆசை’. பேச்சில் ‘ஆச’. ஆசையாக என்பது ‘ஆசயா’ ஆகும், ஆசைப்பட்டு என்பது ‘ஆசப்பட்டு’ ஆகும், ‘ஆசைங்க’ என்று மரியாதையும் சேரும். நீங்களும் இப்படியே பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள். யாழ்ப்பாணத்து டீச்சர் ‘ஆசையாக் கிடக்கு’ என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டு, பிறகு அதையே சொல்லிப் பார்ப்பார்கள். அது அவர்களுக்கும் நல்லது.

2. ‘எனக்கு’ என்று தொடங்குங்கள்

தமிழில் பசியும் தாகமும் தூக்கமும் ஒருவருக்கு வருவன. ஆசையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ‘நான் ஆசை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘எனக்கு ஆசை’ என்பதே வழக்கு. அதற்கு முன்னால் என்ன வருகிறது என்பதை வைத்து மூன்று அமைப்புகளைக் கேட்பீர்கள்.

ஒரு செயல் முன்னால் வரும்: ‘படிக்க ஆச’, ‘டவுனுக்குப் போக ஆச’, ‘ஒருவாட்டி கடலப் பாக்க ஆச’. ஒரு பொருள் முன்னால் வந்தால் ‘ன்னா’ சேரும்: ‘அவளுக்கு டான்ஸுன்னா ஆச’. மூன்றாவது ‘மேல’ சேர்ந்து வருவது: ‘அந்தத் துண்டுக் காணி மேல அவருக்கு ஒரு ஆச’. முதல் அமைப்பு பெரும்பாலும் ஏக்கம். இரண்டாவது பற்று. மூன்றாவதைக் கையாள்வதில் கவனம் வேண்டும். ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

‘ஆசைப்படு’ என்ற வினைக்கு மட்டும் ‘நான்’ எழுவாயாக வரும். இங்கே காலத்தைக் கவனியுங்கள். ‘டீச்சரா வரணும்னு ஆசப்பட்டேன்’ என்று ஒரு அக்கா அதோடு நிறுத்தினால், அது நடக்கவில்லை என்று பொருள். அதற்குப் பின்னால் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்ட கதையோ, வயசு வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்த கதையோ இருக்கும். அதே சொல் ‘ஆசப்பட்டு’ என்று எச்சமாகி இன்னொரு வினையோடு சேர்ந்தால் நடந்த காரியம்: ‘ஆசப்பட்டு வாங்குனேன்’, ‘ஆசப்பட்டு கட்டுன வீடு’. வாக்கியம் எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. ‘ஆசப்பட்டேன்’ என்று நின்ற இடத்தில் நீங்கள் வேறு பேச்சுக்குத் தாவிவிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்திருந்தால் மிச்சத்தை அவரே சொல்லுவார்.

எதிர்மறையிலும் ஒரு படிநிலை உண்டு. ‘புடிக்கல’ என்றால் வேண்டாம். ‘ஆச இல்ல’ என்றால் நாட்டமில்லை. ‘ஆச விட்டுப்போச்சி’ என்றால் ஒரு காலத்தில் மிக வேண்டியிருந்தது, காத்திருந்து காத்திருந்து மனசு ஓய்ந்துவிட்டது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு பையன் மேற்படிப்பைப் பற்றி இந்த மூன்றாவதைச் சொன்னால், அவனைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். அவனை ஓய வைத்தது எது என்று கேட்டுப் பாருங்கள்.

3. புடிக்கும், விருப்பம், பிரியம், ஆசை, உசுரு

வடக்கிலும் கிழக்கிலும் ‘விருப்பம்’ எல்லாவற்றுக்கும் போதும். தோசையும் விருப்பம், சினிமாவும் விருப்பம், ‘சரியான விருப்பம்’ என்றால் அதிகமாகப் பிடிக்கும். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் ‘பிடிக்கும்’ வரும். மலையகத்தில் இரண்டும் உண்டு. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சு அடித்தளமாக இருப்பதால் ‘புடிக்கும்’ வீட்டுச் சொல். இலங்கைப் பாடநூலும் வானொலியும் அலுவலகமும் ‘விருப்பம்’ என்பதைக் கொண்டுவந்து சேர்த்தன. வீட்டில் ‘விருப்பம்’ பல நேரம் சம்மதம் என்ற பொருளில் வரும்: ‘பொண்ணுக்கு விருப்பமாம்’ என்றால் பெண் சம்மதித்துவிட்டாள். அங்கே அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற அளவைச் சொல்லாது.

‘பிரியம்’ பெரியவர்கள் வாயில் அதிகம் வரும். அது ஆட்கள் மேல் வைக்கும் நல்லெண்ணம். ‘எங்க மேல ரொம்பப் பிரியமா இருப்பாங்க அந்த டீச்சர்’ என்று யாராவது உங்களைப் பற்றிச் சொன்னால், நீங்கள் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆசைக்கும் உசுருக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த ஐந்தில் எனக்கு மிகப் பிடித்தது. இரண்டும் அளவு கடந்த விருப்பத்தைச் சொல்லும். ‘அவனுக்குக் கிரிக்கெட்டுன்னா உசுரு’ என்று சொல்லுவார்கள். அவன் தினமும் பின்னேரம் பிரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் இடம்) விளையாடுகிறான், அது அவன் கையில் இருக்கிறது. ‘அவனுக்கு நல்ல பேட்டு ஒண்ணு வாங்க ஆச’ என்றும் சொல்லுவார்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை. ‘அவளுக்கு அப்பான்னா உசுரு’ என்றால் அப்பா பக்கத்தில் இருக்கலாம், கொழும்பில் கடையில் வேலை செய்யலாம், பாசம் அதே பாசம்தான். ‘அப்பாவப் பாக்க ஆசயா இருக்குங்குறா’ என்றால் அப்பா வீட்டில் இல்லை. கையில் இருப்பதை உசுரு என்றும் எட்டாமல் இருப்பதை ஆசை என்றும் பிரித்துக் கேட்டுப் பழகினால், ஒரு வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது பேச்சிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். தாயோ தகப்பனோ வெளிநாட்டிலும் கொழும்பிலும் வேலைக்குப் போயிருக்கிற வீடுகள் தோட்டங்களில் நிறைய. அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த வேறுபாடு ஒரு ஆசிரியருக்கு மிக உதவும்.

‘பாக்க ஆசயா இருக்கு’ என்பதற்கு இங்கே இன்னொரு வரலாறும் உண்டு. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில், தங்கச்சி மஸ்கெலியாவில் என்று ஆனது. கடிதங்களிலும் பிறகு தொலைபேசியிலும் இந்த வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற வாசகர் யாராவது இங்கே ஒரு வயசான அம்மா வாயிலிருந்து இதைக் கேட்டால், அது சும்மா சொல்லும் உபசார வார்த்தை இல்லை.

4. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது

ஒரு ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட பேச்சில் ‘மேல ஆச’ என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான். ‘ரெண்டு பேரும் ஆசப்பட்டுட்டாங்க’ என்றால் காதலிக்கிறார்கள். ‘ஆசப்பட்டு கட்டிக்கிட்டாங்க’ என்றால் காதல் கல்யாணம். அதனால் இளவயது ஆசிரியரோ உத்தியோகத்தரோ எந்த ஆளைப் பற்றியும் ‘மேல ஆசை’ என்று சொல்லாமல் இருப்பதே சரி. பிள்ளைகளைப் பற்றி ‘பாசம்’ சொல்லலாம், பெரியவர்களைப் பற்றி ‘பிரியம்’, ‘மரியாதை’ சொல்லலாம்.

கல்யாணமான ஒரு பெண் ‘புள்ளைங்கன்னா எனக்கு ஆச’ என்று சொன்னால், அது குழந்தை வேண்டும் என்ற ஏக்கமாகவும் இருக்கலாம். உடனே ‘எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் வீடுகளில் ஆசையம்மா, ஆசை மாமா என்று உறவுமுறை உண்டு. இங்கே பெரும்பாலும் சின்னம்மா, சித்தி, மாமா, அத்தை, அப்பாயி, அம்மாயி என்றே போகும். உங்கள் ஆசை மாமாவைப் பற்றி வகுப்பில் பேசும்போது, அது ஒரு முறைப்பெயர் என்று ஒருதரம் விளக்கிவிட்டால் போதும்.

5. ‘ஆசைக்கு’ என்றால் மறுக்காதீர்கள்

ஒரு லயக் காம்பராவுக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஓர் அறைக்குள் போகிறீர்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பாய் விரிப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வரும். தேத்தண்ணி வரும். பிறகு தட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வரும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பீர்கள். அப்போது வீட்டு அம்மா சொல்லுவார்: ‘ஆசைக்கு ஒரு வாய் சாப்புடுங்க சேர்.’

இந்த ‘ஆசைக்கு’ பசிக்காகச் சொல்வதில்லை. உங்கள் ஆசையை மட்டும் சொல்வதும் இல்லை. கொடுக்கிறவர் மனசு நிறைவதற்காக என்பதும் அதில் இருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டு வாயில் போட்டால் அது முடிந்தது. முழுத் தட்டையும் காலி பண்ண வேண்டிய தேவை இல்லை. ‘வயிறு நெறஞ்சிருச்சிங்க’ என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கையில் கொடுக்கலாம். தொடாமலே திருப்பினால் மட்டும்தான் மனசு கஷ்டப்படும். லயத்து வீட்டில் வெளியாள் ஒருவர் கை நனைக்க மாட்டேன் என்றால், அதற்குப் பழைய காரணங்கள் பல இருந்தன. அவை இன்னும் மறக்கப்படவில்லை. உங்களுக்கு அப்படி எதுவும் மனதில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய ஒரே வழி அந்த ஒரு வாய்தான்.

மருத்துவிச்சிகளுக்கும் தாதியருக்கும் இந்தச் சொல் தொழிலோடு சேர்ந்தது. கர்ப்பிணிப் பெண்ணிடம் ‘என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் சோறு, ரொட்டி என்று பதில் வரும். ‘வாய்க்கு என்னம்மா ஆசையா இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். மாங்காய், புளி, நெல்லிக்காய் என்று தொடங்கி, நம்பிக்கை வந்தபிறகு பச்சரிசி, சாம்பல், மண் என்றும் சொல்லக்கூடும். சிரித்துவிடாதீர்கள், ஏசிவிடாதீர்கள். உணவல்லாத பொருட்கள் மேல் வரும் இந்த ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. வெட்கப்பட்டு அவர் அதை மறைத்தால் இரத்தச் சோகையும் சேர்ந்து மறைந்துபோகும். இந்த இடத்திலேயே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத் தண்ணியோடு (பால் சேர்க்காத தேத்தண்ணி) விழுங்கினாலோ, விழுங்கிய கையோடு தேத்தண்ணி குடித்தாலோ உடம்பில் சத்து சரியாகச் சேராது. தேயிலை மலையில் வேலை செய்கிற பெண்ணிடம் தேத்தண்ணியை விடு என்று சொல்ல முடியாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் நேரம் விடச் சொல்லலாம்.

இறந்தவர்களுக்கும் ஆசை உண்டு என்பது இங்கே உள்ள நம்பிக்கை. கருமாதிப் படையலில் வாழையிலையில் சோற்றோடு என்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை பாக்கு, ஒரு சுருட்டு, சில வீடுகளில் கால் போத்தல் சாராயமும் இருக்கும். ‘அவரு ஆசப்பட்டுத் திங்கிறதுங்க’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்லுவார்கள். ஆசை தீராமல் போன உயிர் வீட்டைச் சுற்றும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் அந்த வீட்டுக்குப் போவதாக இருந்தால், முதல் நாளே ‘அப்பாவுக்கு எதுல ஆசைங்க?’ என்று கேட்டு, கேட்டதை வாங்கிக்கொண்டு போகலாம். பூவையும் பழத்தையும் விட அது அந்த வீட்டுக்காரர் மனசில் நிற்கும்.

6. ஒருவர் தன் ஆசையைச் சொன்னால் என்ன செய்வது

இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் மற்றவற்றை விட்டாலும் பரவாயில்லை.

தோட்டத்துப் பெரியவர்கள் தங்களுக்கென்று ஆசை சொல்வது குறைவு. ‘எனக்கென்னங்க ஆச, புள்ளைங்க நல்லா இருந்தா போதும்’ என்பார்கள். ஆசை எப்போதும் பிள்ளை பேரில், பேரன் பேரில், செத்துப்போனவர் பேரில் வரும். தீபாவளிக்கு முன்னால் ஹட்டனில் ஒரு துணிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இது தெரியும். தீபாவளி முற்பணம் கைக்கு வந்திருக்கும். பிறகு அது சம்பளத்தில் மாதாமாதம் கழியும் கடன். சின்ன மகள் கண்ணாடிக்குள் தொங்குகிற ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார், கையை எடுக்கிறார், மறுபடி திருப்பிப் பார்க்கிறார். கடைக்காரர் குறைந்த விலையில் இன்னொன்றை எடுத்துப் போடுகிறார். கடைசியில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, ‘ஆசப்படுதுங்க புள்ள’ என்று அந்த முதல் சட்டையையே காட்டுகிறார். தனக்கு எடுக்க வைத்திருந்த சேலைக் காசு அதில் போயிருக்கும். தன் ஆசையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இப்போது பாடசாலைக்கு வருவோம். ஒரு தாய், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் முகம் கழுவி, உங்களைத் தேடி வந்து சொல்கிறார்: ‘மூத்தவனுக்குப் படிக்க ஆசைங்க சேர்.’ இலக்கணப்படி இது ஒரு செய்தி. தோட்டத்து வழக்கில் இது ஒரு விண்ணப்பம். அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள், வழி தெரிந்தால் சொல்லுங்கள், எங்களுக்கு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நேராகக் கேட்டால் நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டி வரலாம். அந்தச் சங்கடத்தை உங்களுக்குத் தராமல் இருக்கத்தான் ஆசையாகச் சொல்கிறார். இந்த நாகரிகத்தைப் புரிந்துகொள்ளாமல், ‘அப்படியா, நல்லது’ என்று சொல்லி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார். ‘பாப்போம்’ என்பதும் கதவைச் சாத்துகிற சொல்தான்.

திருப்பிக் கேளுங்கள். ‘என்ன படிக்கணும்னு சொல்றான்மா?’ ‘எந்தப் பாடத்துல ஆசையா இருக்கான்?’ ‘வீட்ல படிக்க எடம் இருக்கா?’ மூன்றாவது கேள்வி முக்கியமானது. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் இருக்கிற வீட்டில் பையன் எங்கே உட்கார்ந்து படிக்கிறான் என்பதை வைத்துத்தான் நீங்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பது தெரியும். பாடசாலைக்குப் பிறகு ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க முடியுமா, விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்கப் பக்கத்து டவுனில் எந்தப் பாடசாலையில் இடம் உண்டு, பத்தனையில் உள்ள ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க என்ன பெறுபேறு வேண்டும் என்று, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு தகவலாவது கொடுங்கள். ஒன்றும் கைவசம் இல்லையென்றால், ‘நான் விசாரிச்சு வர்ற கிழமை சொல்றேன்’ என்று நாள் குறித்து, அந்த நாளில் சொல்லுங்கள். பெரிய உதவி செய்யாவிட்டாலும் சொன்ன நாளில் வந்து சொன்ன ஆளை இந்த ஊர் மறக்காது.

பெரியவர்களின் ஆசையைக் கேட்க வேண்டுமானால், ‘உங்களுக்கு என்ன ஆசை?’ என்று நேராகக் கேட்டுப் பயனில்லை. ‘சின்ன வயசுல என்ன ஆசப்பட்டீங்க?’ என்று கேளுங்கள். கடந்த காலத்தில் வைத்துக் கேட்டால் பேசுவார்கள்.

7. ஆசை காட்டாதீர்கள்

‘ஆசை காட்டு’ என்பது தமிழ் எங்கும் உள்ள தொடர். மலையகத்தில் அதற்கு இருநூறு வருடத்துச் சுமை உண்டு. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து, கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆசை காட்டித்தான் கூட்டிவந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் (உலர்த்திய மீன்) கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டியாந்தாங்க என்று இன்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். வந்தவர்கள் காட்டு வழியில் நடந்தே மலை ஏறினார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது வருகிற தொடர் ‘ஆசை காட்டி மோசம் பண்ணிட்டாங்க’ என்பதுதான்.

அது பழைய கதையாக முடிந்துவிடவும் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015 ஆம் ஆண்டளவில் மேடைகளில் ஏறியது, அரசின் வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தது 2021 இல். அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி குறைந்திருந்தது. 7 பேர்ச் (ஒரு நில அளவு) காணியில் தனி வீடு என்பது பலருக்குக் கிடைத்தது, இன்னும் பெருந்தொகையானோர் லயத்திலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் இந்த ஆசைகள் மறுபடி எடுத்துக் காட்டப்படுகின்றன.

ஆகவே கள வேலைக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படிவத்தை நிரப்ப வாங்கும்போதே, இது எதற்கு, இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். வீட்டைப் படம் எடுத்தால், வீடு கட்டித் தரப் போகிறார்கள் என்று அந்த லயம் முழுக்கப் பேச்சுப் பரவும். ‘இது கணக்கெடுப்பு மட்டுந்தாங்க, வீடு தர்றது என் கையில இல்ல’ என்று முதலிலேயே சொல்வது கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து, ‘ஆச காட்டிட்டுப் போனாங்களே, அவங்கதானே’ என்று உங்களைப் பற்றிப் பேச்சு வருவதை விட அது எவ்வளவோ மேல்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு. நடக்காது என்று தெரிந்தும் விடாமல் இருப்பது நப்பாசை. அளவு மீறியது பேராசை, ஏசும்போது மட்டும் வரும். ‘ஆசையில மண்ணு விழுந்திருச்சி’ என்றால் கடைசி நேரத்தில் கெட்டுப்போனது. ‘ஆச தீர’ என்றால் மனசு நிறைய: ஊருக்கு வந்த மகனோடு ‘ஆச தீரப் பேசுனேன்’ என்று ஒரு தாய் சொல்லக் கேட்பது நல்ல நாள்.

8. சிங்களத்தில் ‘ஆசய்’

மலையகத்தில் டவுனுக்குப் போனால் இரண்டு மொழியும் காதில் விழும். சிங்களத்திலும் இதே சொல் இருக்கிறது, இரண்டுக்கும் வடமொழி ‘ஆசா’ மூலம். ஆனால் வாக்கியம் வேறு மாதிரி. ‘மம தே வலட்ட ஆசய்’ என்றால் எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். ‘மம’ என்பது நான், ‘ட்ட’ என்பது நமது ‘க்கு’. விரும்புகிறவர் எழுவாயாக நிற்கிறார், விரும்பப்படும் பொருளுக்கு ‘க்கு’ சேர்கிறது. தமிழில் இது நேர்மாறு. இரண்டு மொழியும் பேசி வளர்கிற பிள்ளை ‘நான் அதுக்கு ஆசை’ என்று எழுதினால், அதற்கு அடியில் இருப்பது சிங்கள வாக்கியம். சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போகாமல், இரண்டு வாக்கியத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் இலக்கணம் தெளியும்.

எடையிலும் வேறுபாடு இருக்கிறது. சிங்களத்தில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நிறத்துக்கும் ‘ஆசய்’ சாதாரணமாக வரும், நமது ‘புடிக்கும்’ அளவுக்கு இலேசாக. தமிழ் ‘ஆசை’ அதை விடக் கனமானது. சிங்கள நண்பர் ஒருவர் உங்கள் வீட்டு வடையைப் பார்த்து ‘ஆசய்’ என்றால் ஏக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்னும் இரண்டு வடையை எடுத்து வையுங்கள்.

9. எழுத்தில் எங்கே, எங்கே இல்லை

விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘விரும்புகிறேன்’ என்று எழுதச் சொல்லிக்கொடுங்கள். ‘இப்பதவியில் சேர ஆசைப்படுகிறேன்’ என்றால் வாசிக்கிற அலுவலர் அதைச் சிறுபிள்ளைத்தனமாக எடுத்துக்கொள்வார். கட்டுரையிலும் கடிதத்திலும் ‘ஆசை’ தாராளமாக வரலாம்.

வகுப்பில் ‘எனது ஆசை’ என்று கட்டுரை கொடுத்தால் முதல் தடவை எல்லோரும் டொக்டர், டீச்சர், பொலிஸ் என்றே எழுதுவார்கள். பாடநூல் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அதைத் திருத்தி, மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தவணையில் ‘எங்கள் வீட்டில் ஒருவரின் ஆசை’ என்று கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாயியிடமும் அப்பாவிடமும் கேட்டு வருவார்கள். வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருக்கும். வருகிற கட்டுரைகளை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைக்க வேண்டாம். பெயர் சொல்லாமல் கூட வேண்டாம், சிறிய தோட்டத்தில் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் மட்டும் வாசித்துவிட்டு, ஓரத்தில் பிள்ளைக்கு இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள்.